கணக்கை 'பிரைவேட்' ஆக்கிவிட்டால் நம் தனிப்பட்ட தகவல்கள் பாதுகாப்பாகிவிடுமா? வேறென்ன செய்ய வேண்டும்?

ஆகாது. பிரைவேட் ஆக்குவது நல்லதுதான், ஆனால் அது மூடி வைப்பது முக்கியமாக உங்கள் பதிவுகளைத்தான். பெயர், முகப்புப் படம், பயோவில் எழுதியிருப்பது எல்லாம் யார் வந்து பார்த்தாலும் தெரியும். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட ஃபாலோயர்கள் உள்ளேயேதான் இருப்பார்கள். பொதுப் பக்கம் ஒன்றில் நீங்கள் போட்ட கமெண்ட் எல்லோர் கண்ணிலும் படும்.

பதிவுகளைவிட அதிகச் சேதம் செய்பவை நான்கு: போன் நம்பர், மின்னஞ்சல், பிறந்த தேதி, நண்பர் பட்டியல். வெவ்வேறு தளங்களில் சிதறிக் கிடக்கும் துண்டுகளெல்லாம் ஒரே ஆளுடையவை என்று முடிச்சுப் போடுவது இவைதான். பலர் விடுமுறைப் படங்களை மறைத்துவிட்டு இந்த நான்கையும் திறந்து வைத்திருக்கிறார்கள். வேலையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் போன் நம்பர். 2021 ஏப்ரலில் ஏறத்தாழ 53 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் எண்கள் பெயரோடு சேர்த்து இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டன. இதற்காக யாருடைய பாஸ்வேர்டையும் யாரும் உடைக்கவில்லை. காண்டாக்ட்ஸை ஏற்றினால் அதில் உள்ள நண்பர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி ஒன்று இருந்தது. எண்களைக் கொத்துக் கொத்தாக அதில் ஏற்றி, எந்த எண் யாருடையது என்று அந்தத் தளத்திடமே கேட்டு வாங்கிவிட்டார்கள். 2019 செப்டம்பரில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது, ஆனால் எடுத்தது எடுத்ததுதான். நம்பரை 'ஒன்லி மீ' என்று வைத்திருந்தவர்களும் இதில் சிக்கினார்கள். காரணம், எண் பக்கத்தில் தெரிவது ஒரு செட்டிங், எண்ணை வைத்து உங்களைத் தேடிப் பிடிப்பது வேறொரு செட்டிங். முதலாவதை மட்டும் மூடினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

ஆகவே இரண்டையும் பாருங்கள். ஃபேஸ்புக்கில் 'பிறர் உங்களை எப்படிக் கண்டுபிடிக்கலாம், தொடர்புகொள்ளலாம்' என்ற பகுதியில் போன் நம்பர், மின்னஞ்சல் இரண்டுக்கும் 'ஒன்லி மீ' கொடுங்கள். டெலிகிராமில் பிரைவசி பகுதியில் போன் நம்பரைத் தொட்டால் 'யார் பார்க்கலாம்' என்று கேட்கும், அதற்கு 'நோபடி' கொடுங்கள். கொடுத்தவுடன் அதன் கீழே 'எண்ணை வைத்து யார் கண்டுபிடிக்கலாம்' என்ற இரண்டாவது கேள்வி வரும், அதை 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். மெனுக்களின் பெயரும் இடமும் அடிக்கடி மாறும். செட்டிங்ஸில் உள்ள தேடல் பெட்டியில் 'போன்' என்று தட்டினால் பெரும்பாலும் நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் எண் உங்கள் வழியாக மட்டும் போவதில்லை, உங்களைத் தன் போனில் சேமித்து வைத்திருக்கும் ஒவ்வொருவர் வழியாகவும் போகிறது. அதேபோல நீங்கள் காண்டாக்ட்ஸை ஏற்றினால் மற்றவர்களின் எண்களை அவர்களைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறீர்கள். போனில் ஆப்புக்கான காண்டாக்ட்ஸ் அனுமதியை நிறுத்தினால் இனிமேல் போவது நிற்கும். முன்பே ஏறியது அந்தத் தளத்தில் அப்படியே இருக்கும். ஆப்புக்குள் போய், ஏற்றிய காண்டாக்ட்ஸைத் தனியாக அழிக்க வேண்டும். இந்த இரண்டாவது படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது கணக்கின் பூட்டு. மற்ற செட்டிங்ஸ் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், கணக்குக்குள் ஒருவர் நுழைந்துவிட்டால் அவற்றால் பயனில்லை. சமூக வலைத்தளத்துக்கு முன்னால் மின்னஞ்சலைப் பூட்டுங்கள், ஏனென்றால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் இணைப்பு அங்கேதான் வரும். ஒவ்வொரு தளத்துக்கும் தனி பாஸ்வேர்டு வேண்டும். 2012-ல் லிங்க்ட்இன்னிலிருந்து திருடப்பட்டவற்றில் 11 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் 2016-ல் விற்பனைக்கு வந்தன. இப்படிக் கசிந்த மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் நிரல்கள் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கும். ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்தில் வைத்திருந்தால் நாலும் திறந்துகொள்ளும். இத்தனையை நினைவில் வைப்பது யாராலும் ஆகாது, பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமித்து வைக்கும் ஆப்பான பாஸ்வேர்டு மேனேஜரிடம் விட்டுவிடுங்கள்.

டூ ஃபேக்டர் சரிபார்ப்புக்கு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் முறைக்கு, எஸ்எம்எஸ்ஸைவிட ஆதென்டிகேட்டர் ஆப் (மாறிக்கொண்டே இருக்கும் குறியீட்டைப் போனிலேயே தருவது) அல்லது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் பூட்டையோ விரல்ரேகையையோ கொண்டு நுழைவது) மேல். மோசடிக்காரர் ஒருவர் உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குப் போய்விடும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் கணக்கிலேயே இப்படி அவருடைய எண்ணைக் கைப்பற்றியவர்கள் பதிவுகள் போட்டார்கள். பாதுகாப்புக்காக என்று வாங்கிய எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக, 2022-ல் அதே ட்விட்டர் அமெரிக்காவில் 15 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. எண்ணைக் கொடுக்காமலே பாதுகாப்பு கிடைக்கும் என்றால் கொடுக்காமலிருப்பதே சரி. ஆதென்டிகேட்டர் வைக்கும்போது தளம் தரும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் நீங்கள் உள்ளே போக அதுதான் வழி, அதை ஸ்க்ரீன்ஷாட்டாக அதே போனில் வைத்துப் பயனில்லை.

வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போய் 6 இலக்கப் பின் வையுங்கள். 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கணினி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதாவது எண்ணை டயல் செய்யச் சொல்லி யாராவது அழைத்தால் செய்யாதீர்கள். அது கால் ஃபார்வர்டிங் கட்டளையாக இருக்கலாம். உங்கள் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பியதும், ஓடிபியைக் குரல் அழைப்பாகக் கேட்டு வாங்கிக் கணக்கைப் பிடித்துவிடுவார்கள். தவறி டயல் செய்திருந்தால் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் ##002# அழுத்தினால் எல்லா ஃபார்வர்டிங்கும் நீங்கிவிடும்.

பிறந்த தேதியைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பாலினம், முழுப் பிறந்த தேதி ஆகிய மூன்றை மட்டும் வைத்தே தனித்து அடையாளம் காண முடியும் என்று கணினி அறிவியல் ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000-ல் கணக்கிட்டுக் காட்டினார். 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் நுழைந்தவர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற பாதுகாப்புக் கேள்விக்கான பதில் ஆகியவற்றைப் பொதுவெளியிலிருந்தே திரட்டினார். தேதியையும் ஆண்டையும் மறையுங்கள். மறைத்தாலும், சுவரில் குவியும் வாழ்த்துகள் தேதியைச் சொல்லிவிடும் என்பதால் பிறர் உங்கள் சுவரில் எழுதுவதையும் கட்டுப்படுத்துங்கள். 'முதல் பள்ளி எது' போன்ற கேள்விகளுக்கு உண்மையான பதில் தரவேண்டிய கட்டாயம் இல்லை. சம்பந்தமில்லாத ஒரு சொல்லைக் கொடுத்து, அதைப் பாஸ்வேர்டு மேனேஜரில் குறித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் பட்டியலை 'ஒன்லி மீ' ஆக்குங்கள். உங்கள் படத்தைப் போட்டுப் போலிக் கணக்கு தொடங்குபவருக்கு, அடுத்து யாரிடம் பணம் கேட்கலாம் என்று சொல்வது அந்தப் பட்டியல்தான். பொது நண்பர்கள் அப்போதும் தெரிவார்கள், அதை முழுதாக மறைக்க வழியில்லை.

படங்களில் இரண்டு விஷயம். போன் கேமரா படத்துக்குள்ளேயே இடத்தையும் நேரத்தையும் எழுதிவிடுகிறது. பெரிய தளங்கள் பதிவேற்றும்போது மற்றவர்கள் பார்க்கும் பிரதியிலிருந்து இதை நீக்கிவிடும். ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆகவோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை நிறுத்தலாம், ஐபோனில் பகிரும்போது மேலே உள்ள 'ஆப்ஷன்ஸ்' தொட்டும் நீக்கலாம். இரண்டாவது, மறைப்பது. அடையாள அட்டை எண்ணை ஹைலைட்டர் போன்ற பிரஷ்ஷால் கறுப்படித்தால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பவருக்கு எழுத்து தெரியக்கூடும். நிறம் முழுதாக நிரப்பிய கட்டத்தைப் போட்டு, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பகிருங்கள். பயணப் பதிவுகளை அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள்.

வினாடி வினா, 'உங்கள் முகம் யாரைப் போன்றது' வகை ஆப்களை இணைக்கவே வேண்டாம். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் பயனர்களின் தரவு ஒரு வினாடி வினா ஆப் வழியாகப் போன விவகாரத்தில், அதை நிறுவியவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர்தான். அவர்களின் நண்பர்களையும் சேர்த்து 8.7 கோடி பேர் வரை தரவு போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே 2018-ல் சொன்னது. 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' பட்டியலில் பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள். நீக்குவது இனிமேல் எடுப்பதைத்தான் தடுக்கும். முன்பே எடுத்ததை அழிக்க அந்த ஆப் நிறுவனத்துக்குத் தனியாக எழுத வேண்டும்.

பழைய பதிவுகளுக்கு ஃபேஸ்புக்கில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' இருக்கிறது. இதுவரை பொதுவாகப் போட்டதையெல்லாம் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் ஆக்கிவிடும். திரும்ப ஒரே அழுத்தில் பொதுவாக்க முடியாது என்பதால் யோசித்துச் செய்யுங்கள்.

கணக்கே வேண்டாம் என்றால், ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வதும் 'டீஆக்டிவேட்' செய்வதும் அழிப்பது ஆகாது. 'டெலீட்' கொடுத்து, ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் 30 நாள் உள்ளே போகாமல் இருக்க வேண்டும். இடையில் லாகின் செய்து ரத்து செய்தால் கணக்கு பழையபடி உயிர்பெற்றுவிடும். சர்வர்களிலிருந்து முழுதாக அழிய 90 நாள் வரை ஆகலாம். டெலீட் கொடுப்பதற்கு முன் உங்கள் தரவின் பிரதியை இறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை வைத்து வேறெந்தத் தளங்களில் நுழைகிறீர்கள் என்று பார்த்து, அங்கெல்லாம் தனி மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் முதலில் அமையுங்கள். இல்லையென்றால் அந்தத் தளங்களுக்குள்ளும் நுழைய முடியாமல் போகும்.