1924-இல் தங்கம் வென்ற பளுதூக்கும் வீரர் ஷார்ல் ரிகூலோ 1928 ஒலிம்பிக்கில் ஏன் இல்லை?

தொழில்முறைக்குப் போய்விட்டார், அதனால்தான். பணம் வாங்கித் தூக்குபவருக்கு அன்றைய ஒலிம்பிக்கில் இடமில்லை.

பிரான்ஸைச் சேர்ந்த ரிகூலோவுக்கு 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது வயது 20. 82.5 கிலோ பிரிவில் மொத்தம் 502.5 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அப்போது ஐந்து வகைத் தூக்கல்கள். இரண்டு ஒற்றைக் கையால்!

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சாதனை அப்புறம்தான் வந்தது. அப்போலோன் என்ற பழைய பலசாலியிடம் ரயில் சக்கரங்கள் பூட்டிய ஓர் அச்சு இருந்தது. எடை சுமார் 166 கிலோ. எடையைவிடப் பிடிதான் சிக்கல்: கம்பி ஏறக்குறைய 5 செ.மீ. தடிமன், சக்கரத்தோடு இறுகியிருப்பதால் கைக்குள் தனியாகச் சுழலாது. 1930-இல் ரிகூலோ அதைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினார்.

பிறகு மல்யுத்தம், கார் பந்தயம் என்றும் ஒரு கை பார்த்தார். 1962-இல் காலமானார்.