அமெரிக்கப் பல்கலைக்கழக ஆண்கள் கால்பந்து அணிகளில் உங்களை அதிகம் கவர்ந்தது எது? ஏன்?

இண்டியானா. ப்ளூமிங்டன் நகரில் இருக்கும் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி. 2016 ஆகஸ்டில் முதுகலை படிக்க அங்கே போனேன், இரண்டு வருடம் இருந்தேன். அந்தப் பாசம் இந்தப் பதிலில் இருக்கத்தான் செய்யும். ஆனால் பாசம் மட்டும் காரணம் இல்லை.

முதலில் ஒன்று. அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதுகிற ஆட்டம். நம்முடைய கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். இண்டியானாவோ அதற்கும் மேலே பாஸ்கெட்பால் பைத்தியம் பிடித்த மாநிலம். அங்கே ஒரு சாக்கர் அணி, தேசியப் பட்டத்தை எட்டு முறை (1982, 1983, 1988, 1998, 1999, 2003, 2004, 2012) வென்றிருக்கிறது என்று கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை இரவு, அறைத்தோழன் இழுத்துக்கொண்டு போனான். பில் ஆர்ம்ஸ்ட்ராங் ஸ்டேடியம். புல்தரையைச் சுற்றி எரிந்த நிலக்கரித் தூள் பரப்பிய ஒரு பாதை ஓடுகிறது. வருடா வருடம் ஏப்ரலில் அதில் 'லிட்டில் 500' என்ற சைக்கிள் பந்தயம் நடக்கும். நான்கு பேர் கொண்ட அணிகள் மாறி மாறி ஓட்டி 200 சுற்று முடிக்க வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்ட பந்து அந்தப் பாதையில் விழுந்து வரும்போது கறுப்புத் தூள் அப்பியிருக்கும். பந்து எடுத்துப் போடும் சிறுவன் அதைத் தன் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் ஆட்டக்காரரிடம் தருவான். ஒருமுறைகூட அவன் துடைக்காமல் கொடுத்து நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் புதிதாக இருந்தது. கடிகாரம் கீழ்நோக்கி ஓடியது. 45 நிமிடத்தில் தொடங்கிப் பூஜ்யத்துக்கு இறங்கும். காயத்துக்கு எவ்வளவு நேரம் சேர்ப்பார் என்று நடுவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கடைசிப் பத்து நொடியை ஒலிபெருக்கியில் எண்ணுவார்கள், கூட்டமும் சேர்ந்து எண்ணும். ஆள் மாற்றும் விதியும் வேறு. முதல் பாதியில் வெளியே போனவர் அந்தப் பாதியில் திரும்ப இறங்க முடியாது. இரண்டாம் பாதியில் ஒருமுறை திரும்பலாம். அதனால் பெஞ்சில் இருப்பவர்களுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது.

சரி, இண்டியானாவிடம் என்ன விசேஷம்? அந்த அணியை ஒரு மனிதர் பத்து வருடம் காத்திருந்து உருவாக்கினார். ஜெரி யேக்லி. பென்சில்வேனியாக்காரர். 1961இல் தேசியப் பட்டம் வென்ற வெஸ்ட் செஸ்டர் கல்லூரி அணியில் ஆடியவர். 1963இல் இண்டியானாவுக்கு வந்தபோது அங்கே சாக்கருக்கு அதிகாரபூர்வ அணி கிடையாது, மாணவர் கிளப் மட்டும்தான். பல்கலைக்கழகம் ஏற்று நடத்தும் அணிக்கும் கிளப்புக்கும் உள்ள தூரம் அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். கிளப் என்றால் எல்லாவற்றையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். யேக்லி அந்த கிளப்பை 1973 வரை ஓட்டினார். அந்த வருடம்தான் அது பல்கலைக்கழக அணி ஆனது. நடுவில் அவர் வேறு எங்காவது போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்விக்கு நான் வேறு பெயர் எழுதிக்கொண்டிருப்பேன்.

மூன்றே வருடத்தில், 1976இல், இறுதிப்போட்டி. சான் பிரான்சிஸ்கோவிடம் 1-0 தோல்வி. 1978இல் மறுபடி இறுதி, மறுபடி சான் பிரான்சிஸ்கோ, 2-0 தோல்வி. (தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதற்காக அந்தப் பட்டம் பிறகு சான் பிரான்சிஸ்கோவிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆனால் இண்டியானாவுக்கு அதைக் கொடுக்கவில்லை.) 1980இல் மூன்றாவது முறையாக அதே அணி, கூடுதல் நேரத்தில் 4-3. ஐந்து வருடத்துக்குள் ஒரே அணியிடம் மூன்று இறுதி தோற்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கல்லூரி அணியில் ஒருவனுக்குக் கிடைப்பது நான்கு சீசன். 1976இல் முதலாண்டு மாணவனாக இருந்தவன் 1980க்குள் படிப்பை முடித்துக்கொண்டு பட்டம் இல்லாமலே வீட்டுக்குப் போயிருப்பான்.

1982 இறுதி, ஃபோர்ட் லாடர்டேலில், டியூக் பல்கலைக்கழகத்தோடு. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஒன்றல்ல, இரண்டல்ல, எட்டுக் கூடுதல் நேரம். அப்போது இறுதியைப் பெனால்டியில் முடிக்கும் வழக்கம் இல்லை. கோல் விழும்வரை ஆட வேண்டியதுதான். கடைசியில் 2-1. இரண்டு கோலும் கிரெக் தாம்சன் போட்டது. அவர் தடுப்பாட்டக்காரர்! அடுத்த வருடமும் பட்டம். அப்புறம் 1984இல் கிளெம்சனிடம் இறுதியில் தோல்வி.

பட்டங்களை விட இந்தத் தோல்விகள்தான் என்னை இந்த அணியோடு கட்டிப்போட்டன. செயின்ட் லூயிஸ் பத்துப் பட்டம் வைத்திருக்கிறது, எண்ணிக்கையில் அதுதான் முதலிடம். ஆனால் கடைசிப் பட்டம் 1973. வர்ஜீனியா 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு வென்றது, பெரிய சாதனை. இண்டியானா கணக்கு வேறு மாதிரி. 1987 முதல் 2024 வரை 38 வருடம் ஒரு வருடம்கூட விடாமல் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றிருக்கிறது. ஆட்டக்காரர்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாறிவிடும் இடத்தில் இது நடப்பதற்கு, அணி உடைமாற்றும் அறையில் மூத்தவன் இளையவனுக்கு ஏதோ சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வர்ஜீனியாவின் அந்த 1994 இறுதியில் தோற்றதும் இண்டியானாதான், 1-0. அன்றைக்கு இண்டியானாவுக்கு ஆடிய கடைசியாண்டு மாணவர்களில் ஒருவர் டாட் யேக்லி. பயிற்சியாளர் ஜெரியின் மகன். அப்பா பயிற்சி கொடுத்த அணியில் மகனுக்கு அதுவே கடைசி ஆட்டம், அதிலும் பட்டம் கிடைக்கவில்லை. ஜெரி 2003இல் ஓய்வு பெறப்போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கடைசி சீசனுக்குப் பயிற்சி கொடுத்தார். இறுதியில் செயின்ட் ஜான்ஸை 2-1 வென்று, கோப்பையோடு வெளியே போனார். ஆறு பட்டம், 544 வெற்றி. டாட் 2010இல் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 2012 போட்டிக்கு அணி 16ஆம் தரவரிசையில்தான் நுழைந்தது. முதல் தரவரிசையில் இருந்த நோட்ர டேமை வழியிலேயே வெளியேற்றி, இறுதியில் ஜார்ஜ்டவுனை 1-0 வென்றது. ஆட்டக்காரராக நழுவிய கோப்பை பதினெட்டு வருடம் கழித்துப் பயிற்சியாளராகக் கைக்கு வந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனது நிறைந்துவிடும்.

இவ்வளவும் எந்தப் பணத்தில் நடந்தது என்று சொன்னால்தான் இந்தப் பையன்களின் அருமை புரியும். நான் படித்த காலத்தில் முதல் பிரிவு (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) ஆண்கள் சாக்கர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்காலர்ஷிப் மொத்தம் 9.9. பத்துகூட இல்லை. அதை இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவனுக்குப் பாதி, ஒருவனுக்குக் கால், சிலருக்கு ஒன்றுமே இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப். 2025இல் விதி மாறி, கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கில் வந்த நீதிமன்ற உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப் வரம்புக்குப் பதில் அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதனால் எல்லோருக்கும் முழுப் பணம் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் பல்கலைக்கழகத்தின் கையில்.

நான் புள்ளியியல் ஆய்வகத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். என் வகுப்பில் அணியைச் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். மாற்று ஆட்டக்காரன். திங்கள்கிழமை காலை எட்டு மணி வகுப்புக்கு முட்டியில் ஐஸ் பையை வைத்து, அதைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு வருவான். காலை நாற்காலியில் நீட்டி வைப்பான். வகுப்பு முடியும்போது அடியில் சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருக்கும், அதைத் தானே துடைத்துவிட்டுத்தான் போவான். வெளியூர் ஆட்டம் என்றால் பஸ்ஸில் வரும்போதே வீட்டுப்பாடம் போட்டுவிடுவான்; எழுத்து ரோட்டுக்குத் தகுந்தபடி ஆடியிருக்கும். படிப்புச் செலவில் எவ்வளவு வீட்டிலிருந்து வருகிறது என்று ஒருநாள் தானாகச் சொன்னான். பெரும்பகுதி அவனுடைய அப்பா அம்மா கட்டுவதுதான்.

2017 சீசனில் அந்த அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதிக்குப் போனது. எதிரே ஸ்டான்ஃபோர்டு, முந்தைய இரண்டு வருடமும் பட்டம் வென்ற அணி. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தோம். 90 நிமிடமும் கோல் இல்லை. முதல் கூடுதல் நேரத்திலும் இல்லை. இரண்டாவதில் ஸ்டான்ஃபோர்டுக்கு ஒரு கோல் விழுந்தது. அப்போது 'கோல்டன் கோல்' விதி. கோல் விழுந்த நொடியே ஆட்டம் முடிந்தது. பதில் கோல் போட ஒரு நிமிடம்கூடத் தரமாட்டார்கள். எங்கள் அறையில் கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. அந்த விதியை 2022இல் எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். 2020 சீசனின் இறுதியும் (கோவிட்டால் 2021 மே மாதத்தில் நடந்தது) இதே போல மார்ஷலிடம் கூடுதல் நேரத்தில் 1-0 என்று போனது. 2022இல் சிராக்யூஸோடு 2-2, பெனால்டியில் 7-6 தோல்வி. ஆறு வருடத்தில் மூன்று இறுதி. 1976, 1978, 1980 மறுபடி வந்தது போல.

2017 இறுதி நடந்தது ஞாயிற்றுக்கிழமை. மறுநாளே எங்களுக்குப் பருவத்தேர்வு வாரம் ஆரம்பம். புதன்கிழமை என் வகுப்புத் தேர்வுக்கு அந்தப் பையன் வந்தான். ஆட்டத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசி நிமிடம்வரை எழுதினான். தாளைக் கொடுத்துவிட்டு, ஜனவரியில் ஆய்வகம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும், பயிற்சிக்கு முன்னால் வந்துபோக முடியுமா என்று கேட்டான். ஏழு மணிக்கு நானே வந்து திறந்து வைக்கிறேன் என்று சொன்னேன்.