பி.காம் சேருமுன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மகள் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்துவிட்டு, பி.காம்தான் படிப்பேன் என்கிறாள். கணக்குப்பதிவியலே தெரியாது. தாக்குப்பிடிப்பாளா?
- வாசகி, களக்காடு

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் பல கல்லூரிகளில் வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கே பி.காமில் முன்னுரிமை. ஆகவே பிராஸ்பெக்டஸில் தகுதிப் பகுதியை முதலில் பாருங்கள், வணிக நிர்வாகப் படிப்பான பி.பி.ஏ.வையும் அடுத்த விருப்பமாகப் போட்டு வையுங்கள்.

இடம் கிடைத்தபின் முதல் பருவத்து நிதிக் கணக்கியல்தான் கண்டம். அங்கே அரியர் விழுந்தால் அடுத்த பருவத்து நிதிக் கணக்கியலும், அதற்கடுத்த நிறுமக் கணக்கியலும் (கம்பெனிகளின் கணக்கு) சேர்ந்து ஆட்டம் காணும். எல்லாமே அதன்மேல் கட்டியவை.

முதல் தடுமாற்றம் 'பற்று', 'வரவு' என்ற சொற்களிலேயே வரும். வீட்டில் பணம் வந்தால் வரவு என்கிறோம். புத்தகத்திலோ ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று. இதைப் பலசரக்குக் கடை நோட்டை வைத்துப் புரியவையுங்கள். கடனுக்குச் சாமான் வாங்கியவர் பெயரில் கடைக்காரர் பற்று எழுதுகிறார். அவர் பணம் கட்டினால் அவர் பெயரில் வரவு வைக்கிறார். புத்தகத்துப் பொருளும் இதேதான். அல்வா கடை 20,000 ரூபாய்க்குச் சர்க்கரையைக் கடனாக வாங்கினால் கொள்முதல் கணக்கு பற்று, சர்க்கரை தந்தவர் கணக்கு வரவு. 8,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்ததும் தந்தவர் கணக்கு பற்று, வங்கிக் கணக்கு வரவு. அவருக்கு இன்னும் 12,000 பாக்கி நிற்கும்.

கல்லூரி திறக்குமுன் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை ஆறு வாரம், தினம் ஒரு மணி நேரம் போடச் சொல்லுங்கள். வரவு செலவைத் தேதிவாரியாகப் பதியும் குறிப்பேட்டுக்கும், அதைக் கணக்குவாரியாகப் பிரிக்கும் பேரேட்டுக்கும் மட்டும் இரண்டு வாரம் கொடுங்கள்; அங்கே அவசரப்பட்டால் பின்னால் இறுதிக் கணக்குகள் புரியாது. பற்று மொத்தமும் வரவு மொத்தமும் ஒன்றா என்று பார்க்கும் இருப்பாய்வு சமப்படாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி விழுந்திருக்கிறதா என்று தேடலாம். வித்தியாசம் 9,000 என்றால் 4,500-ஐத் தேட வேண்டும். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் 450-ஐ 540 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். பார்த்துப் படித்தால் கணக்குப்பதிவியல் வராது. கையால் போட்டால்தான் வரும்.

கேள்வி: மகன் 600-க்கு 438. அரசு கல்லூரியில் ரேங்க் எப்படிப் போடுவார்கள்? என்னென்ன வேண்டும்?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 438-ஐ அப்படியே எடுக்க மாட்டார்கள். தமிழும் ஆங்கிலமும் நீங்கலாக நான்கு பாடங்களின் மதிப்பெண்ணை 400-க்குக் கூட்டித்தான் பி.காம், பி.பி.ஏ. தரவரிசை. மொழிப்பாடத்தில் அள்ளியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். முதலில் அந்த நான்கையும் கூட்டிப் பாருங்கள். சிறப்புப் பிரிவினருக்குக் கலந்தாய்வு முதலில் நடக்கும், பொதுக் கலந்தாய்வு அதன்பிறகு.

அரசு கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம் போதும். பாளையங்கோட்டையின் சேவியர் கல்லூரி, ஜான்ஸ் கல்லூரி போன்ற அரசு உதவி பெறுபவை அதில் வரா. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கடைசி நாள். தேதிகளை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். அதில் பெயருக்கு ஒரு எழுத்தும், மதிப்பெண் பட்டியலில் வேறொரு எழுத்தும் இருந்தால் சரிபார்ப்பு நாளில் அலைச்சல்தான். இ-சேவை மையத்தில் திருத்த நாளாகும். வருமானச் சான்றும் உதவித்தொகைக்கு வேண்டும். மாற்றுச் சான்றிதழை ஒப்படைக்குமுன் நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் கேளுங்கள்.

கேள்வி: சி.ஏ. ஆக ஆசை. பி.பி.ஏ. நல்லதா, பி.காமா?
- மாணவர், வள்ளியூர்

பதில்: பி.காம். கணக்கியல், வணிகச் சட்டம், அடக்கவிலை, வருமான வரி என்று சி.ஏ.வும் பி.காமும் ஒட்டிப்போகும். சி.ஏ.வின் முதல் தேர்வான பவுண்டேஷனில் நான்கு தாள்; ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். பவுண்டேஷன் வேண்டாமென்றால், பி.காமில் 55 சதவீதம் எடுத்து நேரே அடுத்த நிலையான இன்டர்மீடியட் போகலாம். எம்.பி.ஏ.தான் எண்ணம் என்றால் பி.பி.ஏ. சரி. 2024-25 முதல் பி.பி.ஏ.வும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) வரம்புக்குள் வந்திருப்பதால், சேரும் கல்லூரிக்கு அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.