காதல் ஒரு வள்ளத்தில், திருட்டு இன்னொரு வள்ளத்தில்

கேள்வி: கீழக்கரைக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. இரண்டு வருடமாக ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை 1798-ல் நடக்கிறது. நாயகி அரண்மனைக் கணக்குப்பிள்ளையின் மகள்; அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால் ஓலைக் கணக்கை அவள்தான் எழுதுகிறாள். நாயகன் சங்கு குளிப்பவன். கிழக்கிந்தியக் கம்பெனிக் கிடங்கிலிருந்து ஒரு வலம்புரிச் சங்கு காணாமல் போய், பழி அவன்மேல் விழுகிறது. படித்துப் பார்த்த என் நாத்தனார், “இவங்க ரெண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போச்சுன்னே தெரியல. காதல் ஒரு பக்கம் போகுது, திருட்டு ஒரு பக்கம் போகுது” என்கிறார். இரண்டில் ஒன்றை எடுத்துவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எடுக்க வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். நாத்தனார் சொல்வது சரிதான், ஆனால் மருந்து அது இல்லை.

அவள் பணக்காரி, அவன் ஏழை என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறீர்கள். அது எல்லாக் கதையிலும் உள்ள பொருத்தமின்மை. உங்கள் கதைக்கே உரிய ஒன்று 7-ஆம் அத்தியாயத்தில் சும்மா கிடக்கிறது. சங்கு மூட்டைகள் வங்காளத்துக்குப் போவதை அவள் ஓலையில் எழுதுகிறாளே, அந்த இடம். தான் எடுத்த சங்கு யாரோ ஒரு வங்காளத்து மணப்பெண்ணின் கையில் வளையலாகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அந்தச் சங்கு எந்த மண்ணில் புதைந்து கிடந்தது, அதை எடுக்க எத்தனை முறை மூச்சடக்கினான் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அது ஒரு எண்ணிக்கை. இதை வைத்தே அவர்கள் முதல்முறை பேசிக்கொள்ளட்டும். கிடங்கு வாசலில், சங்குச் சதை அழுகும் நாற்றத்துக்கு அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, அவன் அந்த நாற்றமே தெரியாமல் நிற்கட்டும். தயவுசெய்து அந்த இடத்தில் ‘கயல்விழி’ என்ற வர்ணனையை எடுத்துவிடுங்கள். மீன்கண் என்றால் அவனுக்கு நினைவு வருவது கூடையில் கிடக்கிற மீனின் கண்தான்!

இப்போது 19-ஆம் அத்தியாயத்துக்கு வருவோம். இருவரும் ஆடி மாதத்தில் கீழக்கரையிலிருந்து வள்ளத்தில் மன்னாருக்குத் தப்புகிறார்கள், நிலா வேறு காய்கிறது. நம் கரைக்காரர் யாராவது படித்தால் புத்தகத்தை மூடிவிடுவார். சோழகக் காற்று, அதாவது தெற்கத்திக் காற்று, அடிக்கிற நாளில் தென்கடலான மன்னார் வளைகுடா எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே நாளில் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வடகடலான பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். வடக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் இது தலைகீழ்.

ஆனால் இந்தப் பிழையைத் திருத்திவிடாதீர்கள், நாயகியின் தலையில் கட்டிவிடுங்கள். கிடங்குக் காவல் எந்த நாள் இருக்காது என்று கணக்கைப் பார்த்து நாள் குறிக்கிறவள் அவள். அன்று கடல் விடாது என்று தெரிந்தவன் அவன். அவள் சொல்லும் நாளில் போனால் கடல், அவன் சொல்லும் நாளில் போனால் காவல். அவன் மறுத்ததும், ‘இவன் ஏன் தயங்குகிறான், ஒருவேளை சங்கை எடுத்தவன் இவனேதானோ’ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்ற வேண்டும். அங்கே காதலும் திருட்டும் ஒரே வள்ளத்தில் ஏறிவிடும். இல்லாவிட்டால் வில்லன் குதிரையில் வந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். உங்கள் கதையில் ஏற்கெனவே நாலு தடவை வந்துவிட்டான்.

கயிறு பிடிக்கிறவனுக்கு ஏன் பெயரே வைக்கவில்லை? கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவனின் உயிர் மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மூச்சடக்கிவிட்டு அவன் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்க வேண்டும். அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று சொல்வது உண்டு. தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? உங்கள் நாயகனுக்கோ இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்காள் புருஷன் பிடிக்கட்டும். கிடங்கிலிருந்து சங்கை எடுத்தவன் அவனாகவே இருக்கட்டும். வாசகருக்கு அதை முன்பே காட்டிவிடுங்கள், நாயகனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அதன்பிறகு அவன் கடலில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் படிக்கிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

அப்புறம் சரித்திரம். கடைசியில் சேதுபதி மன்னர் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார். 1798-ல் அங்கே மன்னர் ஏது? முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனியார் 1795-லேயே பதவி நீக்கிச் சிறை வைத்துவிட்டார்கள். 1809-ல் காவலிலேயே அவர் காலமானார். அவருடைய தமக்கை மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன் பட்டம் கிடைத்தது 1803-ல்தான். நீங்கள் எழுதும் வருடத்தில் அதே இராமலிங்க விலாசத்தில்தான் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்து, சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. மறுவருடம் முதுகுளத்தூர்ப் பக்கம் மயிலப்பன் சேர்வைக்காரர் கிளர்ச்சி. நியாயம் கேட்க மன்னர் இல்லாத ஊரில், கம்பெனியின் கணக்கை எழுதுகிற பெண் யாரிடம் போய் இவன் திருடன் இல்லை என்று சொல்வாள்? அப்பா கையெழுத்து என்று எல்லாரும் நம்புகிற ஓலையை, எழுதியவள் நான் என்று அவளே ஒப்புக்கொள்ள வேண்டி வரும். மன்னரின் தீர்ப்பைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

சொந்தப் பெயரில் வெளியிட்டால் ஊரில் ‘யார் அந்தச் சங்கு குளிக்கிறவன்’ என்று கேட்பார்களே என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். கேட்கத்தான் செய்வார்கள். புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு பிரச்சினையே இல்லை. முதலில் 19-ஆம் அத்தியாயத்தை மட்டும் மாற்றி எழுதி நாத்தனாரிடம் கொடுங்கள். ராத்திரி சமையலை மறந்துவிட்டுப் படித்தார் என்றால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.