திவால் ஆனால் கடன் தீருமா, வீடு தப்புமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருப்பதன் சுருக்கம்:

ஃபீனிக்ஸில் நாங்கள் நடத்திய டேக்அவே சாப்பாட்டுக் கடை நின்றுவிட்டது. வீட்டு பாண்டு (வீட்டை ஈடு வைத்த கடன்) பாக்கி 6,90,000 ராண்ட். கார் கடன் 2,05,000. பர்சனல் லோனும் கிரெடிட் கார்டும் சேர்ந்து 3,20,000. சரக்கு கொடுத்தவருக்கு 60,000. அதற்கு என் மாமியார் ஷூரிட்டி (ஜாமீன்) போட்டிருக்கிறார். என் சம்பளம் கையில் 24,000, என் வீட்டுக்காரருக்கு இப்போது 9,000. கோயிலில் தாலி கட்டி, ஹோம் அஃபேர்ஸில் பதிவு செய்தோம். கல்யாணத்துக்கு முன் எந்தக் கான்ட்ராக்ட்டும் எழுதவில்லை. "சீக்வெஸ்ட்ரேஷன் (கோர்ட் மூலம் திவால்) போட்டால் ஆறு மாதத்தில் எல்லாக் கடனும் போய்விடும், வீடும் உங்களுக்கே" என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பாண்டு பேங்கிடமிருந்து செக்‌ஷன் 129 கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்:

இப்போதைக்குப் போடாதீர்கள். அதைவிட அவசரமானது அந்த 129 கடிதம், அதாவது வழக்குப் போடுமுன் பேங்க் அனுப்ப வேண்டிய முன்னறிவிப்பு. அது கையில் கிடைத்ததிலிருந்து பத்து வேலை நாட்கள் கழிந்த பிறகுதான் பேங்க் சம்மன் அனுப்ப முடியும். சம்மன் வந்துவிட்டால் அந்தப் பாண்டை டெட் ரிவ்யூவுக்குள் (டெட் கவுன்சிலர் மூலம் தவணைகளைக் குறைத்து மாற்றி அமைக்கும் முறை) கொண்டுவர முடியாது. கடிதம் மட்டும் வந்திருந்தால் இன்னும் முடியும். ஆகவே மீதி இருப்பது ஆறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஏஜென்ட் சொன்னதைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் தனிநபர் திவால், 1936-ஆம் ஆண்டின் 24-ஆம் எண் இன்சால்வன்சி சட்டப்படி நடக்கிறது. அது கடனாளிக்கு இரங்கி எழுதப்பட்ட சட்டம் அல்ல. இருக்கிற சொத்தைக் கடன் கொடுத்தவர்களுக்கு முறையாகப் பங்கிடுவதற்காக எழுதியது. நீங்களாகவே மனு போட்டாலும் ஹைகோர்ட் நீதிபதி மூன்றைப் பார்ப்பார்: கடன் சொத்தை மிஞ்சுகிறதா, வழக்குச் செலவுக்குச் சொத்து போதுமா, அதற்கு மேலும் கடன்காரர்களுக்கு ஏதாவது கிடைக்குமா. ஒன்றுமே இல்லாத ஏழைக்கு இந்த வாசல் திறக்காது. இது பெரிய அநியாயம்தான். ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான்.

'ஏதாவது' என்றால் எவ்வளவு என்று சட்டத்தில் எழுதவில்லை. பிணையில்லாக் கடனில் (வீடு, கார் போன்ற ஈடு இல்லாத கடன்) ராண்டுக்குப் பத்து சென்டாவது தேற வேண்டும் என்பது கோர்ட்டுகளின் பழக்கம்; பிரிட்டோரியாவில் இருபது சென்ட் கேட்டிருக்கிறார்கள். உங்கள் காரை விற்றால் 1,50,000 வரும் என்று வைத்தால் 55,000 துண்டு விழும், அதுவும் பிணையில்லாக் கடனில் சேரும். பர்சனல் லோன், கார்டு, சரக்குக் கடனோடு சேர்த்து ஆக மொத்தம் 4,35,000. பத்து சென்ட் வீதம் 43,500 ராண்ட் மிஞ்ச வேண்டும்.

மிஞ்சுமா? உங்கள் வீடு நல்ல விலைக்கு 9,50,000 போகும் என்று கொள்வோம். கோர்ட் அந்த விலையை நம்பாது. அவசரமாக விற்றால் என்ன கிடைக்கும் என்று மதிப்பீட்டாளர் சத்தியப் பத்திரத்தில் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ளும். அது 7,60,000 என்று வையுங்கள். பாண்டு 6,90,000 போனால் 70,000. விற்பனைக் கமிஷன் ஐந்து சதவீதமும் அதன்மேல் வாட்டும் 43,700. எத்தெக்வினி (டர்பன் மாநகராட்சி) வரி பாக்கி 18,000 இருந்தால் கையில் 8,300. வீட்டை விற்பதற்கு ட்ரஸ்டியின் (திவாலானவர் சொத்தை விற்றுப் பங்கிடுபவர்) கட்டணம் மூன்று சதவீதம், 22,800. இங்கேயே 14,500 பற்றாக்குறை. வக்கீல் செலவை இன்னும் சேர்க்கவே இல்லை. இந்தக் கணக்கோடு போனால் மனு தள்ளுபடி ஆகும், செலவு உங்கள் தலையில். தப்பித் தவறி உத்தரவு கிடைத்தாலும் வீடு உங்களுக்கு இல்லை. உத்தரவு வந்த அன்றே சொத்து முழுவதும் ஹைகோர்ட் மாஸ்டர் (திவால் சொத்துகளை மேற்பார்க்கும் அதிகாரி) கைக்கும், பிறகு ட்ரஸ்டி கைக்கும் போய்விடும். விற்பதுதான் ட்ரஸ்டியின் வேலை. குடியிருக்கும் வீட்டுக்கு என்று தனி விலக்கு கிடையாது.

அதே வீட்டை நீங்களே நிதானமாக 9,50,000-க்கு விற்றால் பாண்டு, கமிஷன் 54,625, வரி பாக்கி எல்லாம் போக ஏறக்குறைய 1,87,000 மிஞ்சும். பிணையில்லாக் கடனில் பாதிக்குக் கிட்ட அடைபடும். ஒரே வீடு, விற்கிற கை மாறியதும் இவ்வளவு வித்தியாசம்.

ஆறு மாதக் கதைக்கு ஒரு வேர் உண்டு. கடன் கொடுத்தவர் யாருமே தங்களுக்கு வர வேண்டியதை ட்ரஸ்டியிடம் நிரூபிக்கவில்லை என்றால், சீக்வெஸ்ட்ரேஷனிலிருந்து ஆறு மாதம் கழித்து ரீஹாபிலிட்டேஷனுக்கு (திவால் நிலையிலிருந்து விடுவிக்கும் உத்தரவுக்கு) மனு போடலாம். சொத்து போதாத கேஸில், நிரூபித்தவர்களே செலவுக்குப் பங்கு போட வேண்டும் என்பதால் சிலர் ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் அது அவர்கள் முடிவு, ஏஜென்ட் வாக்குக் கொடுக்கக்கூடியது இல்லை. சாதாரண வழியில், ட்ரஸ்டியின் முதல் கணக்கை மாஸ்டர் உறுதி செய்து பன்னிரண்டு மாதம் ஆக வேண்டும். சீக்வெஸ்ட்ரேஷனிலிருந்து நாலு வருஷத்துக்குள் கேட்டால் மாஸ்டரின் பரிந்துரையும் வேண்டும். எதுவும் செய்யாவிட்டால் பத்து வருஷத்தில் தானாக முடியும். ரீஹாபிலிட்டேஷன் உத்தரவு கிடைத்தால் பழைய கடன்கள் தீரும், மோசடியால் வந்தவை தவிர. கிரெடிட் பீரோவில் அந்த உத்தரவு ஐந்து வருஷம் நிற்கும்.

இடைப்பட்ட காலம் எப்படி இருக்கும்? வேலைக்குப் போகலாம். சம்பளத்தில் குடும்பத்துக்கு வேண்டியது எவ்வளவு என்று மாஸ்டர் தீர்மானிப்பார். மிச்சத்தை ட்ரஸ்டி கேட்கலாம். கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது. டேக்அவே மாதிரி வியாபாரம் தொடங்க ட்ரஸ்டியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். திவால் ஆனவர் என்பதைச் சொல்லாமல் கடன் வாங்குவது குற்றம். உடுப்பும் படுக்கையும் உங்களுக்கு. பிராவிடன்ட் ஃபண்டில் இருக்கும் பணத்தைச் சட்டம் காக்கிறது. அதனால்தான் கடன் அடைக்க அதை எடுக்காதீர்கள் என்கிறோம். 2024 செப்டம்பர் முதல் சேமிப்புப் பகுதியிலிருந்து எடுக்க முடிகிறது என்றாலும், எடுப்பதற்கு வருமான வரி உண்டு. வரித்துறையான சார்ஸுக்கு பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

கான்ட்ராக்ட் இல்லாமல் பதிவு செய்ததால் உங்கள் இருவர் சொத்தும் கடனும் ஒன்றே. மனுவும் இருவர் பேரிலும்தான் போட வேண்டும், இருவருமே திவால் ஆவீர்கள். சீதனமாக வந்த நகையும் அந்தப் பொதுச் சொத்தில் சேரும். கான்ட்ராக்ட் எழுதித் தனிச் சொத்தாக வைத்திருப்பவர்களும், கோயில் கல்யாணத்தோடு நிறுத்திப் பதிவு செய்யாதவர்களும் தங்களுக்குப் பயமில்லை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் துணைவர் என்றால் எந்த வழக்கப்படி கட்டியவரும், கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவரும் அடக்கம். ஒருவர் திவால் ஆனால் மற்றவர் சொத்தும் முதலில் ட்ரஸ்டியிடம் போகும். கல்யாணத்துக்கு முன்பே என்னுடையது, அல்லது என் காசில் வாங்கியது என்று காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். கல்யாண ஃபோட்டோவில் கழுத்தில் கிடக்கும் ஆரம், நகைக்கடை ரசீது, இன்ஷூரன்ஸ் பட்டியல் எல்லாம் அப்போது சாட்சி. பத்திரமாக வையுங்கள்.

மாமியார் விஷயம் மனதைப் பிசைகிறது. நீங்கள் ரீஹாபிலிட்டேஷன் வாங்கினாலும் ஷூரிட்டி போட்டவர் விடுபட மாட்டார். உங்கள் கடன் அழிந்த பிறகும் சரக்குக்காரர் அவரிடம் 60,000 கேட்கலாம். பென்ஷனில் வாழும் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நாம் மட்டும் கரையேறுவது சரியாக இருக்காது. இந்த மாதிரி வியாபாரக் கடன் பொதுவாக டெட் ரிவ்யூவிலும் அடங்காது. ஆகவே சரக்குக்காரரிடம் தனியாகப் பேசி, மாதம் இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கடிதத்தில் "எங்களால் கட்ட முடியாது" என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுத்தில் கொடுப்பதே திவால் செயல் என்று கணக்கு. அதை வைத்து அவரே உங்கள்மேல் சீக்வெஸ்ட்ரேஷன் போடலாம். அவகாசம் கேட்ட கடிதத்தையே அப்படிப் படித்த தீர்ப்புகளும் உண்டு. அனுப்புமுன் சட்டம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். டெட் ரிவ்யூவுக்கு விண்ணப்பித்ததை மட்டும் திவால் செயலாக எடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

மனு போடும் முறையிலும் பொறி இருக்கிறது. சரணடைவு நோட்டீஸ் (நீங்களாகவே திவால் மனு போடப் போவதன் அறிவிப்பு), கோர்ட் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முந்தாமலும் 14 நாளுக்குக் குறையாமலும், அரசு கெஜட்டிலும் ஊரில் ஓடும் பத்திரிகையிலும் வர வேண்டும். வந்து ஏழு நாளுக்குள் எல்லாக் கடன்காரருக்கும் பிரதி போக வேண்டும். சொத்துக் கணக்கு 14 நாள் பார்வைக்கு இருக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் ஏலம் நிற்கும். அதற்காகவே நோட்டீஸ் போட்டுவிட்டு, பிறகு கோர்ட்டுக்குப் போகாமல் விடுகிற ஏஜென்ட்டுகள் உண்டு. அப்படி விட்டால் அதுவும் திவால் செயல்தான். பத்திரிகையில் பேர் வந்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசி, உறவினரை விட்டு மனு போடச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த வழியைக் கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அவர் கொடுத்த கடனுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கும்.

வீட்டைத் தம்பி பேருக்கு மாற்றலாமா என்ற யோசனை வந்தால் அன்றே விட்டுவிடுங்கள். இரண்டு வருஷத்துக்குள் சும்மா கொடுத்த சொத்தென்றால், கொடுத்தபோது உங்களிடம் கடனை மிஞ்சிய சொத்து இருந்தது என்று வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் ட்ரஸ்டி திரும்ப எடுத்துக்கொள்வார். ஆறு மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் அள்ளிக் கொடுத்ததையும் ரத்து செய்யக் கேட்கலாம். டேக்அவேயின் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பேர் எல்லாவற்றையும் சேர்த்து யாருக்காவது கைமாற்றப் போகிறீர்கள் என்றால், முப்பது முதல் அறுபது நாள் முன்னதாக விளம்பரம் கொடுக்க வேண்டும்.

ஆக, வரிசை இது. நாளைக்கே நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரில் பதிவான டெட் கவுன்சிலரிடம் போங்கள். பதிவு எண்ணைக் கேட்டு, ரெகுலேட்டர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருவர் சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு கடனின் கடைசிக் கணக்கு, அந்த 129 கடிதம், இவற்றைக் கொண்டுபோங்கள். மூன்று வருஷமாக யாரும் தொடாத, நீங்களும் பணம் கட்டாத, ஒப்புக்கொள்ளாத கார்டு பாக்கி ஏதாவது இருந்தால் அது காலாவதி ஆகியிருக்கலாம். அதை முதலில் விசாரியுங்கள். விண்ணப்பம் பதிவானதும் ஐந்து வேலை நாளில் கடன்காரர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும். அதன் பிரதியை வாங்கி வையுங்கள். அறுபது வேலை நாள் ஆகியும் வேலை நகராவிட்டால் பேங்க் ரிவ்யூவை முடித்துவிடலாம் என்பதால் வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள். மாதப் பணம் பதிவான பணப் பட்டுவாடா ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும், கவுன்சிலரின் சொந்தக் கணக்குக்கு அல்ல.

33,000 ராண்டில் வீட்டுச் செலவு போகக் குறைத்த தவணைகூடத் தாங்காது என்று கவுன்சிலர் கணக்குப் போட்டுச் சொன்னால், வீட்டை நீங்களே விற்கப் பாருங்கள். விற்ற பிறகும் தீராத பாக்கி நின்று, கையில் செலவுக்கும் பத்து சென்டுக்கும் போதுமான தொகை இருந்தால்தான் சீக்வெஸ்ட்ரேஷன் பற்றி ஒரு வக்கீலிடம் பேசலாம். ஏஜென்ட்டிடம் அல்ல, டர்பன் அல்லது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஹைகோர்ட்டில் இந்த மனுக்களை நடத்துகிற வக்கீலிடம்.