60 மீட்டர் தள்ளி இருக்கும் கேட்டுக்கு எந்த லென்ஸ், எந்த ஐஆர் (அகச்சிவப்பு) லைட்?

கேள்வி: செங்குன்றத்தில் அரிசி குடோன் வைத்திருக்கிறோம். ஆபீஸ் சுவரில் 2.8 மி.மீ. லென்ஸுடன் 4 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. கேட் அங்கிருந்து 60 மீட்டர். பகலில் யாரோ வருவது மட்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இரவில் கேட் பக்கம் கும்மிருட்டு. 8 மெகாபிக்சலுக்கு மாறச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். அந்தப் பணம் வீணாகும். உங்கள் சிக்கலில் பாதி லென்ஸில் இருக்கிறது, பாதி வெளிச்சத்தில்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். தூரத்தை சென்சாரின் (கேமராவுக்குள் படம் விழும் சில்லின்) அகலத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால், அந்தத் தூரத்தில் கேமரா எத்தனை மீட்டர் அகலத்துக்குப் பார்க்கிறது என்பது கிடைக்கும். இந்த வகைக் கேமராவில் சென்சார் அகலம் சுமார் 5.4 மி.மீ. அப்படியானால் 60 மீட்டரில் உங்கள் லென்ஸ் ஏறக்குறைய 115 மீட்டர் அகலத்தை அள்ளிக்கொள்கிறது. படத்தின் குறுக்கே இருப்பதோ 2560 பிக்சல். ஒரு மீட்டருக்கு 22 பிக்சல்தான் விழுகிறது. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பு, ஆள் நடமாட்டம் தெரியவே மீட்டருக்கு 25 பிக்சல் கேட்டது. பழகிய ஆளா என்று சொல்ல 125, முன்பின் தெரியாதவரை அடையாளம் காட்ட 250. 8 மெகாபிக்சல் போட்டால் உங்கள் 22 வெறும் 33 ஆகும். அதோடு, அதே அளவு சென்சாரில் பிக்சல் கூடக் கூட ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். இரவில் அதன் விலையையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

250 வேண்டுமென்றால் கேமரா 60 மீட்டரில் 10 மீட்டர் அகலத்தை மட்டும் பார்க்க வேண்டும். அதற்கு 32 மி.மீ. லென்ஸ் தேவை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 2.8-12 மி.மீ. மோட்டார் ஜூமை முழுக்க இழுத்தாலும் 95 பிக்சல் அளவில் நின்றுவிடும். 8-32 மி.மீ. கேளுங்கள். கேட்கும்போதே, 32-இல் அதன் எஃப் எண் (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) என்ன என்றும் கேளுங்கள். எஃப் 1.6-இல் நுழையும் வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் எஃப் 3.2-இல் நுழையும்.

இனி வெளிச்சம். தூரம் இரண்டு மடங்கானால் விழும் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். பெட்டியில் 'ஐஆர் 30 மீட்டர்' என்று போட்ட கேமரா 60 மீட்டரில் திணறுவது இதனால்தான். தனி ஐஆர் லைட் வாங்கும்போது வாட்டை விடக் கோணத்தைப் பாருங்கள். 32 மி.மீ. லென்ஸ் பார்ப்பது 10 டிகிரிக்குள். 60 டிகிரி லைட் போட்டால் வெளிச்சத்தில் பெரும்பகுதி பக்கத்து மதிலுக்கும் வானத்துக்கும் போகும். அதே வாட்டில் 15 டிகிரி லைட், கேட்டில் பதினைந்து மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தைச் சேர்க்கும். 850 நானோமீட்டர் அலைநீள வகையை எடுங்கள். அது லேசாகச் சிவந்து தெரியும், பரவாயில்லை. கண்ணுக்கே தெரியாத 940 வகைக்கு சென்சாரின் உணர்திறன் மிகக் குறைவு, எட்டும் தூரமும் வெகுவாகக் குறையும்.

லைட்டைக் கேமராவோடு ஒட்டி வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் லென்ஸுக்கு முன்னால் விழும் ஒவ்வொரு துளியும் வெள்ளைக் கோடாகிவிடும். பூச்சி வரும், பின்னாலேயே சிலந்தி வலை கட்டும். இரண்டு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். கேட் பக்கத்துக் கம்பத்திலேயே மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. படத்தின் பிரகாசத்தை முடிவு செய்வது கேட்டில் விழும் வெளிச்சம்தான், அது எங்கிருந்து வந்தாலும் சரி. வண்டி நம்பருக்கு மட்டும் இந்த விதி தலைகீழ். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால் நம்பர் படிக்கும் கேமராவுக்கு லைட் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஷட்டர் 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்க வேண்டும். அந்த ஷட்டரில் சுற்றிலும் இருண்டுவிடும், முகம் கிடைக்காது. முகத்துக்கும் நம்பருக்கும் ஒரே கேமரா என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இவ்வளவும் ஆபீஸ் சுவரில் இருந்தே பார்த்தாக வேண்டும் என்றால்தான். என்னைக் கேட்டால், கேட்டிலிருந்து உள்பக்கமாக ஏழு மீட்டர் தள்ளி, லாரி இடிக்காத இடமாகப் பார்த்து, ஒரு சாதாரண 4 மெகாபிக்சல் கேமராவை 4 மி.மீ. லென்ஸோடு மாட்டச் சொல்வேன். மீட்டருக்கு 250 பிக்சலை அதுவே தாண்டும். உள்ளே இருக்கும் ஐஆரும் போதும். உயரம் மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் தொப்பியும் தலைமுடியும்தான் பதிவாகும். நீண்ட லென்ஸுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. சித்திரை வெயிலில் சிமென்ட் தரைக்கு மேல் கானல் ஆடினால் படமும் ஆடும். போகிப் புகையையும் மார்கழிப் பனியையும் ஐஆர் ஊடுருவாது.

கேபிள் 60 மீட்டர்தான், பிஓஇயின் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறையின்) 100 மீட்டர் வரம்புக்குள் இருக்கிறது. சுத்தச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பதில் மெல்லிய வயரில் 12 வோல்ட்டை அவ்வளவு தூரம் இழுத்தால், பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா பொழுது சாய்ந்து ஐஆர் எரிந்ததும் அணைந்து அணைந்து எழும். கேமரா பழுது என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பல நேரம் வயர்தான் காரணம்.

நீண்ட லென்ஸ்தான் என்று முடிவெடுத்தால், ஃபோகஸைப் பகலில் சரிசெய்துவிட்டுப் போக விடாதீர்கள். ஐஆர் வெளிச்சம் கூடும் இடம் பகல் வெளிச்சம் கூடும் இடத்திலிருந்து சற்று விலகும். அதனால் காலையில் கூர்மையாக இருந்த படம் இரவில் கலங்கிப்போகும். ஐஆருக்கென்று திருத்திய லென்ஸ் கேட்டு வாங்குங்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஆளை வரச்சொல்லி, வாட்ச்மேனைக் கேட்டில் நிற்கவைத்து, அவர் முகம் தெளியும்வரை ஃபோகஸ் செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.