டேங்குக்கு ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றினால் காசு மிச்சமாகுமா?

கேள்வி:

அண்ணா வணக்கமுங்க. சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு வியாபாரம் செய்கிறேன். 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் சரக்கு எடுத்துக்கொண்டு மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். முன்பு லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி இப்போது 17தான் கொடுக்கிறது. போன தீபாவளி சீசனுக்கு மேலே கேரியர் மாட்டினேன், அந்தச் சமயத்திலிருந்தே வண்டி கொஞ்சம் மந்தமான மாதிரி தெரிகிறது. மெக்கானிக் எனக்குப் பங்காளி முறை. இப்போது வருகிற டீசலில் கந்தகம் இல்லை, பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துவிடும், ஃபுல் டேங்க் போடும்போதெல்லாம் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்று, மைலேஜ் திரும்ப வந்துவிடும் என்கிறார். பாட்டில் 650 ரூபாய், 12 பாட்டில் பெட்டியாக எடுத்தால் 6,600. ஊற்றாமல் விட்டு இன்ஜெக்டர் போனால் ஒன்றுக்கே 15 ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. பெட்டியை வாங்கிவிடலாமா? பில் வாங்கினால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா? இல்லை, பிரீமியம் டீசல் போட்டாலே போதுமா?

பதில்:

பெட்டி வேண்டாம் தம்பி. ஒரு பாட்டில் வேண்டுமானால் வாங்குங்கள், அதுவும் இப்போது இல்லை, கீழே சொல்கிற வேலைகளை முடித்த பிறகு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இது வண்டிப் பிரச்சினை மாதிரி தெரிந்தாலும் நீங்கள் கேட்டிருப்பது பணக் கேள்வி. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 17 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு மாதம் 59 லிட்டர் வேண்டும், சுமார் 5,470 ரூபாய். அதே வண்டி 20 கொடுத்தால் 50 லிட்டர், 4,650 ரூபாய். ஆக மைலேஜ் இறங்கியதால் உங்கள் கையை விட்டுப் போவது மாதம் 820 ரூபாய். இது சின்னத் தொகை இல்லை, வருடத்துக்குப் பத்தாயிரத்தை நெருங்குகிறது, நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான்.

இப்போது பாட்டிலை இந்தக் கணக்குக்குள் கொண்டு வாருங்கள். ஒரு டேங்க் 40 லிட்டர் என்றால் டீசலுக்கு 3,720 ரூபாய், அதற்கு மேல் பாட்டிலுக்கு 650. லிட்டருக்கு 16 ரூபாய் கூடிவிட்டது. அதாவது 93 ரூபாய் டீசலை நீங்களாகவே 109 ரூபாய் ஆக்கிக்கொண்டு ஓட்டுகிறீர்கள். போட்ட காசு திரும்பி வரவே மைலேஜ் 17லிருந்து 20க்கு ஏற வேண்டும், அதற்கு மேல் ஏறினால்தான் லாபம். பெட்டி விலையில் பாட்டில் 550 என்று எடுத்தாலும் 19.5 வந்தால்தான் சமம். மெக்கானிக் சொல்வது நூற்றுக்கு நூறு பலித்து வண்டி பழைய 20க்கே வந்துவிட்டது என்றே வையுங்கள், அப்போதும் மாதம் மிச்சமாவது 130 ரூபாய்தான். அந்த 130க்காக 6,600 ரூபாயை இன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும், பலிக்காவிட்டால் மொத்தமும் போச்சு. நூல் வாங்கும்போது இப்படி ஒரு கணக்கை யாராவது சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அப்படியானால் டீசலில் கலக்கிற அடிட்டிவ் எல்லாமே ஏமாற்றா என்றால் இல்லை. அதில் வகை இருக்கிறது, வகை தெரியாமல் வாங்குவதில்தான் காசு போகிறது. இன்ஜெக்டர் கிளீனர் என்பது, டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் நுனித் துளைகளிலும் உள்ளேயும் படிந்த பிசினைக் கரைக்கிற டிடர்ஜென்ட், இது உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் அங்கே அழுக்கு இருந்தால் மட்டும். சீட்டேன் என்பது டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு, அதை ஏற்றுகிற சமாசாரம் டீசல் பற்றிக்கொள்ளும் நேரத்தைக் குறைக்கும், காலையில் ஸ்டார்ட் ஆவதும் டக டக சத்தமும் கொஞ்சம் மேம்படலாம், ஆனால் டீசலுக்குள் இருக்கிற சக்தி அதனால் கூடிவிடாது. நம் பெட்ரோல் பங்குகளில் விற்கிற டீசலுக்குச் சீட்டேன் குறைந்தபட்சம் 51 இருக்க வேண்டும் என்பது விதி, உங்கள் எஞ்சினுக்கு அது போதும். குளிரில் டீசல் உறையாமல் இருக்க ஒரு வகை உண்டு, சென்னிமலை வெயிலுக்கு அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஆக்டேன் பூஸ்டர் என்று போட்டிருந்தால் அது பெட்ரோல் வண்டிக்கானது, தொடவே தொடாதீர்கள். அப்புறம் சிலர் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயிலை டீசலில் கலந்து ஊற்றச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம், எரிந்த பிறகு சாம்பல் மிஞ்சும். பிஎஸ்-6 என்கிற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியில் டிபிஎஃப் என்கிற புகை வடிகட்டி இருப்பதால் அதை அடைத்தே விடும். உங்களுடையதில் டிபிஎஃப் கிடையாது, இருந்தாலும் காசு கொடுத்து உள்ளே கரி சேர்ப்பானேன்.

கந்தகம் பற்றி மெக்கானிக் சொன்னது பாதி சரி, அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. பிஎஸ்-3 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பாகம் வரை இருக்கலாம், பிஎஸ்-4ல் 50, 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க வருகிற பிஎஸ்-6ல் 10தான். கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் சேர்ந்து போவது உண்மை. ஆனால் அது தெரிந்துதான் வழுவழுப்புக்கான மருந்தைச் சேர்த்தே பங்குக்கு அனுப்புகிறார்கள். ஒரு எஃகுக் குண்டை டீசலுக்குள் வைத்துத் தேய்த்து, அதில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்று சோதனையே உண்டு, அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நல்ல பங்கில் போடுகிற டீசலுக்கு நீங்கள் மேலே எண்ணெய் சேர்க்க வேண்டியதில்லை. பங்கின் மேல் சந்தேகம் இருந்தால் டென்சிட்டி காட்டச் சொல்லியும் 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லியும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். கேரியர் மாட்டியதிலிருந்துதான் வண்டி மந்தம் என்கிறீர்கள். பிறகு ஏன் இன்ஜெக்டரைச் சந்தேகப்படுகிறீர்கள்? பெருந்துறை பைபாஸில் 80, 90ல் போகும்போது தலைக்கு மேல் இருக்கிற அந்த இரும்புச் சட்டம் காற்றைப் பிடித்து இழுக்கும், சரக்கு ஏற்றாத நாளிலும் இழுக்கும். சீசன் இல்லாத மாதங்களில் அதைக் கழற்றி வைக்க ஒரு ஸ்பேனர் போதும். கூடவே டயர் காற்று. பின் சீட்டை மடித்துப் பெட்ஷீட் கட்டு ஏற்றுகிற வண்டிக்கு, ரெண்டு பேர் போகிற காற்று பத்தாது, டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் முழு லோடுக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும், அந்த அளவு வையுங்கள்.

இந்த இரண்டுக்கும் செலவே இல்லை. இதைச் செய்துவிட்டு அடுத்த மூன்று டேங்கை அளந்து பாருங்கள். ஒரே பங்கு, ஒரே நாசில், பம்ப் தானாக நிற்கிற முதல் கிளிக்கிலேயே நிறுத்துவது, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பது, அவ்வளவுதான். மீட்டர் போர்டில் காட்டுகிற சராசரியை நம்ப வேண்டாம்.

அப்போதும் 18க்கு மேல் ஏறவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், ஆனால் பாட்டிலுக்காக இல்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் இருப்பது டீசலுக்குக் கீழே தனிக் கோடாகத் தெரியும். காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸில் கீறல் விழுந்திருந்தாலும் இதே மந்தமும் கறுப்புப் புகையும் வரும். சக்கரம் சூடாகிற மாதிரி பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கிறதா என்றும் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கலாம், பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியில் அது சகஜம். இங்கேதான் முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, காற்று வருகிற வழியாக அது வருவதே இல்லை. அதனால் டேங்கில் நீங்கள் எதை ஊற்றினாலும் ஈஜிஆர் வால்விலும் காற்றுக் குழாயிலும் படிந்த கரியை அது தொடப்போவதில்லை. கழற்றித்தான் துடைக்க வேண்டும்.

இன்ஜெக்டர் மேல்தான் சந்தேகம் என்றால் லீக்-பேக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற சிறு குழாயைக் கழற்றி நாலு சின்ன பாட்டில்களில் விடுவார்கள். எஞ்சினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், மூன்று ஒரே மட்டத்தில் இருந்து ஒன்று மட்டும் எக்கச்சக்கமாக நிரம்பியிருந்தால் அதுதான் தேய்ந்தது, பார்க்கிற உங்களுக்கே புரியும். கூலி கொஞ்சம்தான் ஆகும். நாலும் சமமாக இருந்தால் 15 ஆயிரம் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. ஒன்று தேய்ந்திருந்தால் எந்தக் கிளீனரும் தேய்ந்த இரும்பை வளர்க்காது, கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் பெஞ்சில் போட்டுப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் சரி செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

தேய்மானம் இல்லை, ஆனால் ஐடிலில் நடுங்குகிறது, லேசாகப் புகை வருகிறது என்றால் அந்த இடத்தில் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றிப் பார்ப்பது சரியான செலவு. பாட்டிலில் சொன்ன அளவு டீசல் டேங்கில் இருக்கும்போது ஊற்றிவிட்டு, பழனிக்கோ மேட்டூருக்கோ ஒரு நீண்ட ஓட்டம் போய் வாருங்கள், ஊருக்குள்ளேயே ஓட்டினால் முழுப் பலன் தெரியாது. முன்னும் பின்னும் மைலேஜ் அளந்து வித்தியாசம் தெரிந்தால், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஊற்றலாம், கிலோமீட்டருக்கு 13 பைசாதான் விழும். தெரியாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

பிரீமியம் டீசலும் ஏறக்குறைய இதே டிடர்ஜென்ட் சமாசாரம்தான், குறைந்த அளவில் கலந்து வருகிறது. சாதா டீசலைவிட லிட்டருக்கு 4 ரூபாய் அதிகம் என்றால் மைலேஜ் 17.7 ஆனால்தான் சமம். உங்கள் பங்கில் வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து இதே மாதிரி போட்டுப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டே பாட்டிலும் ஊற்றுவது ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பது.

வரி விஷயம்: விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டுகிற உத்தேச வருமான முறையில் தாக்கல் செய்கிறீர்கள் என்றால், பில் இருந்தாலும் தனியாக எந்தச் செலவையும் கழிக்க முடியாது. முழுக் கணக்குப் புத்தகம் வைத்தால் தொழிலுக்கு ஓடிய பங்கு அளவுக்குக் கழிக்கலாம். எப்படி இருந்தாலும் வரி மிச்சம் என்பதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்குவது நஷ்டம்தான்.

உங்கள் பயம் பெரிய செலவு திடீரென்று வந்து நிற்கும் என்பது. அதற்குப் பாட்டில் காப்பு இல்லை, பணம்தான் காப்பு. மாதம் ஒன்றரை பாட்டில் என்று பெட்டிக்கு ஆகியிருக்கும் 800 ரூபாயை மாதா மாதம் வங்கியில் ஒரு வருட ஆர்டியாகப் போடுங்கள், வட்டி இல்லாமலே 9,600 சேரும், வருடா வருடம் புதுப்பியுங்கள். வண்டிக்கு 2029ல் பதினைந்து வருடம் முடியும். டெல்லியில் டீசல் வண்டிக்கு விதித்த பத்து வருடக் கட்டுப்பாடு இங்கே இல்லை, எஃப்சி எடுத்து ஆர்சியைப் புதுப்பித்து ஓட்டலாம். அப்போது வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்யவும் இந்தப் பணம் கையில் இருக்கும்.

பங்காளிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உறுத்தும், தெரிகிறது. வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஃபில்டர் மாற்றம், ஈஜிஆர் சுத்தம், லீக்-பேக் டெஸ்ட் மூன்றையும் அவரிடமே கொடுத்து, கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். பாட்டிலில் அவருக்குக் கிடைக்கிற கமிஷனைவிட அது அதிகமாகவே இருக்கும், உங்கள் வண்டியும் சரியாகும்.